கூழ்ம வெள்ளி: வீட்டுச் சோதனைகளில் எது எதைக் காட்டும்?

நீர்க்கோடு (கேள்வி)

வணக்கம். இரண்டு பாட்டில் கூழ்ம வெள்ளியை, அதாவது வெள்ளி நுண்ணளவில் கலந்த நீரை, சோதித்துப் பார்க்க வேண்டும். 'அ' பாட்டில், இரண்டு சுத்த வெள்ளிக் கம்பிகளை டிஸ்டில்ட் வாட்டரில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தித் தயாரித்தது. பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமே இல்லை. 'ஆ' பாட்டில் விலைக்கு வாங்கியது. தேன் நிறம், லேபிளில் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) என்று போட்டிருக்கிறது. கையில் இருப்பவை டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்த பொருளின் அளவைக் காட்டும் கருவி), பச்சை லேசர் பாயின்டர், சமையல் உப்பு, 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு.

லேசர் கோடு தெரிந்தால்தான் அசல் என்கிறார்கள், அது சரியா? மீட்டர் காட்டும் பிபிஎம்மும் வெள்ளியின் பிபிஎம்மும் ஒன்றுதானா? ஒரு லிட்டரை வற்றவைத்து எடை போட்டால் அளவு தெரியுமா? கிருமியைக் கொல்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

கலங்கல்மானி

வணக்கம் நண்பரே. முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பாட்டிலுக்குள் வெள்ளி இரண்டு வடிவில் இருக்கலாம். ஒன்று, நீரில் முழுக்கக் கரைந்த வெள்ளி அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணு. மற்றொன்று, 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான உலோகத் துகள். கூழ்மம் என்ற பெயர் துகளுக்குத்தான் பொருந்தும். ஆனால் கம்பியும் மின்சாரமும் வைத்துத் தயாரிப்பதில் பெரும்பங்கு அயனியாகவே நிற்கும். வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒவ்வொன்றும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பார்க்கும். மொத்த வெள்ளியை எதுவும் பார்க்காது. ஆளுக்கு ஒரு சோதனையைப் பிடித்துக்கொண்டு முடிவு சொல்வதால்தான் இவ்வளவு குழப்பம்.

லேசர்: கதிர் கோடாகத் தெரிவது டிண்டால் விளைவு, அதாவது நீரிலுள்ள துகள்கள் ஒளியைச் சிதறடிப்பது. துகள் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும், அது வெள்ளித் துகளா என்று சொல்லாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விட்டாலும் அருமையான கோடு வரும். தட்டையான பக்கமுள்ள கண்ணாடிப் பாத்திரம் இரண்டு எடுத்து, ஒன்றில் வெறும் டிஸ்டில்ட் வாட்டர், மற்றொன்றில் மாதிரி வைத்து, இருட்டறையில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தூசி என்றால் புள்ளிபுள்ளியாக மின்னி நகரும். கூழ்மம் என்றால் கோடு சீராக, புள்ளி தெரியாமல் இருக்கும். உங்களிடம் பச்சை லேசர் இருப்பது நல்லது. 532 நானோமீட்டர் பச்சை ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பைவிட இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலாகச் சிதறும். அதோடு நம் கண்ணுக்கும் பச்சைதான் அதிகம் உறைக்கும். கதிரையோ கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியையோ நேராகப் பார்க்காதீர்கள். மலிவான பச்சை பாயின்டர்கள் லேபிளில் போட்டதைவிடக் கூடுதல் வலுவோடு வருவதும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைக் கசியவிடுவதும் உண்டு.

கோடு பிரகாசமாக இருந்தால் வெள்ளி நிறைய இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு. சிறு துகளின் சிதறல் அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்குப்படி ஏறும். எடை மூன்றாம் அடுக்குப்படிதான் ஏறும். அதனால் ஒரே எடை வெள்ளி 10 நானோமீட்டர் துகளாக இருந்தால் மங்கலான கோடும், 50 நானோமீட்டர் துகளாக இருந்தால் அதைவிடத் தோராயமாக நூறு மடங்கு வலுவான கோடும் வரும். மங்கலான கோடு நுண்ணிய துகளின் அடையாளமாகவும் இருக்கலாம்.

நிறம்: 10, 20 நானோமீட்டர் வெள்ளித் துகள்கள் 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியை விழுங்கிவிடும். மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும். துகள் பெரிதாகவோ ஒட்டிக்கொள்ளவோ ஆரம்பித்தால் நிறம் பழுப்பு, சாம்பல் என்று நகரும். 10 பிபிஎம் முழுக்கச் சிறு துகளாக இருந்தால் ஒரு டம்ளரிலேயே மஞ்சள் பளிச்சென்று தெரியும். நிறமே இல்லாத கரைசல் 10 பிபிஎம் என்றால் அதில் பெரும்பங்கு அயனி. மெல்லிய சாயலைப் பிடிக்க, உயரமான அளவு ஜாடியை வெள்ளைத்தாள் மேல் வைத்து மேலிருந்து உள்ளே பாருங்கள், பக்கத்தில் அதே உயரத்துக்கு டிஸ்டில்ட் வாட்டரும் இருக்கட்டும்.

உப்பு: இதுதான் வீட்டில் கிடைக்கும் மிக நல்ல சோதனை. பலரும் இதைக் கெடுத்துக்கொள்வது அளவில்தான். அயனியோடு குளோரைடு சேர்ந்தால் சில்வர் குளோரைடு வெண்கலங்கலாக வரும். ஆனால் உப்பை அள்ளிப்போட்டால், மிகுதியான குளோரைடு அந்தக் கலங்கலையே மறுபடி கரைத்துவிடும். நிறைவுற்ற உப்புநீரில் 10 பிபிஎம் வெள்ளி காணாமலே போகும். அதைப் பார்த்து 'அயனி இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சரியான அளவு இது. 1 கிராம் உப்பை 100 மில்லி டிஸ்டில்ட் வாட்டரில் கரையுங்கள். சமையல் உப்பில் கட்டியாகாமலிருக்கச் சேர்க்கும் பொடி தானே கலங்கலைத் தரும், எனவே ஓரிரவு தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள். 50 மில்லி மாதிரிக்கு இந்த உப்புநீர் 1 மில்லி, அதாவது சுமார் 20 சொட்டு. இந்தச் செறிவில் சில்வர் குளோரைடு ஏறக்குறைய மிகக் குறைவாகவே கரையும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கும் கீழேதான் கரைசலில் தங்கும். கறுப்புத் தாளைப் பின்னால் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கலங்கல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் லேசரை அடியுங்கள். உப்புக்கு முன் கோடே இல்லாத நீரில் உப்புக்குப் பின் கோடு எரிந்தால் அயனி இருக்கிறது. வெறும் டிஸ்டில்ட் வாட்டரிலும் அதே 20 சொட்டு விட்டு ஒப்பிட மறக்காதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தால் அந்த வெண்மை மெல்லச் சாம்பல் ஊதாவாகக் கறுக்கும். அதுவும் சில்வர் குளோரைடுக்கான சாட்சி.

அடுத்த கட்டம் துகளுக்கு. அதே 50 மில்லியில் 0.3 கிராம் உப்பை நேராகப் போட்டுக் கலக்குங்கள். துகள்களை ஒன்றையொன்று ஒட்டாமல் பிரித்து வைத்திருப்பது அவற்றின் மேல் உள்ள மின்னூட்டம். உப்பு அதை மறைத்துவிடும். பூச்சில்லாத துகள் என்றால் மஞ்சள் மங்கிச் சாம்பலாகும், சில மணி நேரத்தில் அடியில் கறுப்பாகப் படியும். ஒன்றுமே ஆகவில்லை என்றால் துகளின் மேல் புரதமோ பாலிமரோ பூசியிருக்கிறது.

அதைச் சரிபார்க்க, மூடிய பாட்டிலைப் பத்து விநாடி பலமாகக் குலுக்குங்கள். பூச்சில்லாத கரைசலில் நுரை சில நொடியில் உடைந்துவிடும். ஜெலட்டின் போன்ற புரதம் இருந்தால் நுரை நிமிடக்கணக்கில் நிற்கும்.

மின்கடத்தி

டிடிஎஸ் மீட்டர் பற்றி நான் சொல்கிறேன். அது வெள்ளியை அளப்பதில்லை. நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை மைக்ரோசீமன்ஸில் அளந்து, 0.5 அல்லது 0.7 என்ற பெருக்கெண்ணால் பெருக்கி, பிபிஎம் என்று திரையில் போடும். துகள்கள் இந்தக் கணக்கில் வரவே வராது. துகள் மட்டுமே உள்ள நல்ல கூழ்மத்தில் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும்.

உங்கள் மீட்டரின் பெருக்கெண் எது என்று தெரிய, 1413 மைக்ரோசீமன்ஸ் தரக் கரைசலில் முக்குங்கள். 707 அருகே காட்டினால் 0.5, 1000 அருகே காட்டினால் 0.7. மாதிரியில் வைக்கும் முன் முனையை மூன்று முறை டிஸ்டில்ட் வாட்டரில் அலசுங்கள். குழாய்நீரின் ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் இந்த அளவில் கணக்குக் கெட்டுவிடும். வெறும் டிஸ்டில்ட் வாட்டரின் அளவை எடுத்து மாதிரியின் அளவிலிருந்து கழித்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் ஒரு பெரிய பொறி இருக்கிறது. புதிதாகத் தயாரித்த கரைசலில் வெள்ளி அயனிக்கு இணையாக ஹைட்ராக்சைடு அயனி நிற்கிறது. இது மிக நன்றாகக் கடத்தும். 10 பிபிஎம் அயனி வெள்ளி அப்போது சுமார் 24 மைக்ரோசீமன்ஸ் தரும், 0.5 மீட்டரில் 12. காற்றுப்பட வைத்தால் கரியமில வாயு கரைந்து ஹைட்ராக்சைடு பைகார்பனேட்டாக மாறும். அது மந்தமான கடத்தி. வெள்ளி ஒரு துளிகூடக் குறையாமலே மீட்டர் 5 வரை இறங்கிவிடும். 'ஒரு வாரத்தில் வெள்ளி பாதியாகிவிட்டது' என்று பலர் எழுதுவதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

மின்சாரம் சீக்கிரம் பாயட்டும் என்று ஆரம்பத்தில் உப்போ சோடாவோ சேர்த்திருந்தால் மீட்டரை மறந்துவிடலாம். உப்பு போட்டிருந்தால் அது கூழ்ம வெள்ளியும் அல்ல, சில்வர் குளோரைடு கலங்கல். கம்பி 925 வெள்ளி என்றால் அதில் 7.5 சதவீதம் வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. அதுவும் கரைந்து கடத்தும். 999 கம்பிதான் வேண்டும்.

அளவுக்கு ஒரு மேல்வரம்பு மட்டும் மின்னோட்டத்திலிருந்து கிடைக்கும். 1 மில்லியாம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 4 மில்லிகிராம் வெள்ளிதான் கம்பியிலிருந்து இறங்கும். அரை லிட்டரில் அது 8 பிபிஎம். எதிர்முனையில் கறுப்புப் பஞ்சாக ஒட்டுவதும் அடியில் விழுவதும் இதில் கழியும். நீரில் வெள்ளி ஆக்சைடாக 20 டிகிரி செல்சியஸில் கரைந்து நிற்கக்கூடியதே லிட்டருக்கு 13 மில்லிகிராம் வாக்கில்தான். அதற்கு மேல் ஓட்டினால் பழுப்பு கறுப்பு வண்டல் சேரும், கரைந்த வெள்ளி பெரிதாக ஏறாது.

வற்றவைத்து எடை போடுவது வீண் வேலை. 10 பிபிஎம் கரைசல் ஒரு லிட்டரில் மொத்தமே 10 மில்லிகிராம், அதாவது 0.01 கிராம். உங்கள் தராசின் கடைசி இலக்கம் அது. விரல் ரேகையும் தூசியுமே அந்த அளவுக்குத் தராசை அசைத்துவிடும்.

நீர்க்கோடு

மிக்க நன்றி. சொன்னபடி செய்தேன். மீட்டர் 0.5 வகை. வெறும் நீர் 0.

'அ': மீட்டர் 7, லேசர் கோடு இல்லை, குலுக்கினால் நுரை உடனே போய்விடுகிறது. 20 சொட்டு உப்புநீரில் நீலம் கலந்த வெண்கலங்கல், லேசர் அடித்தால் தடித்த கோடு.

'ஆ': மீட்டர் 1, மங்கலான கோடு, உப்புநீரில் மாற்றமில்லை. 0.3 கிராம் உப்பு போட்டு ஒரு நாள் வைத்தும் நிறம் அப்படியே இருக்கிறது. நுரை மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றது.

இரண்டிலும் உண்மையில் எத்தனை பிபிஎம்? அம்மோனியா ஊற்றி உறுதி செய்ய வேண்டுமா?

கலங்கல்மானி

தெளிவான முடிவுகள். 'அ' ஏறக்குறைய முழுக்க அயனி. 'ஆ' புரதத்தாலோ வேறு நுரைக்கும் பொருளாலோ பூசிய நுண்துகள், அயனி மிகக் குறைவு. இரண்டும் ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் வேதியியலில் இரண்டு வெவ்வேறு பொருட்கள்.

'அ' எத்தனை பிபிஎம்? மீட்டர் 7 என்றால் 14 மைக்ரோசீமன்ஸ். எதிர் அயனி முழுக்க ஹைட்ராக்சைடு என்றால் 6 பிபிஎம், முழுக்கப் பைகார்பனேட் என்றால் 14 பிபிஎம். இந்த இடைவெளியைக் குறுக்க, அளவு தெரிந்த கரைசலோடு கலங்கலை ஒப்பிட வேண்டும். ஆய்வக வேதிப்பொருள் விற்பவர்களிடம் 0.1 நார்மல் சில்வர் நைட்ரேட் கரைசல் கிடைக்கும். அதில் 1 மில்லியை டிஸ்டில்ட் வாட்டரால் சரியாக 1 லிட்டர் ஆக்கினால் 10.8 பிபிஎம் வெள்ளி. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தோலில் பட்டால் கறுப்புக் கறை பல நாள் போகாது, கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஒரே மாதிரிச் சோதனைக் குழாய்கள் ஐந்து எடுங்கள். முதலில் 10 மில்லி அப்படியே, அது 10.8. அடுத்ததில் 8 மில்லியோடு 2 மில்லி நீர், 8.6. பிறகு பாதிக்குப் பாதி, 5.4. கடைசியில் கால் பங்கு, 2.7. ஐந்தாவது குழாயில் உங்கள் மாதிரி 10 மில்லி. எல்லாவற்றிலும் 4 சொட்டு உப்புநீர், ஒரே சொட்டுக்குழலால், அடுத்தடுத்து. ஒவ்வொன்றையும் மூன்று முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். சொட்டு விழும் வேகமும் கலக்கும் விதமும் மாறினால் கலங்கலின் மணி அளவு மாறி, ஒரே வெள்ளிக்கு இரண்டு விதமான வெண்மை வரும். மங்கிய வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் வைத்து, கறுப்புத் தாளுக்கு முன் நிறுத்திப் பாருங்கள். மாதிரி எந்த இரண்டு குழாய்களுக்கு நடுவில் பொருந்துகிறதோ அதுதான் அளவு. ஒன்றிரண்டு பிபிஎம் முன்பின் இருக்கும். இதற்கு மேல் துல்லியம் இந்த முறையில் வராது.

அம்மோனியா: சில்வர் குளோரைடு அம்மோனியாவில் கரைந்து தெளியும் என்பது உண்மை. கலங்கல் உப்பின் பொடியா வெள்ளியா என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் 5 மில்லியில் சில சொட்டு விட்டுப் பாருங்கள். பார்த்தவுடன் வினிகர் சேர்த்து அமிலமாக்கி ஊற்றிவிடுங்கள். அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை எடுத்து வைக்கும் பழக்கம் வேண்டாம். அடர்த்தியான கரைசல் நின்றால் வெடிக்கும் படிவு உருவாகும். சில்வர் நைட்ரேட் பாட்டில் பக்கமே அம்மோனியா போகக்கூடாது.

'ஆ'வின் அளவை வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. துகளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, உலோக அளவைக் காட்டும் அணு உறிஞ்சல் கருவியிலோ ஐசிபி கருவியிலோ ஆய்வகம்தான் அளக்க வேண்டும். அனுப்பினால் 'மொத்த வெள்ளி, அமிலச் செரிப்புக்குப் பின்' என்று எழுதிக் கேளுங்கள். அமிலத்தில் கரைக்காமல் அளந்தால் துகள் படிந்து, எண் குறைத்து வரும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் குமிழி பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். வெள்ளித் துகள் பெராக்சைடைச் சிதைத்துக் குமிழி தரும் என்பது சரிதான், ஆனால் வேறு பல அசுத்தங்களும் அதையே செய்யும். கூடவே பெராக்சைடு துகளைக் கரைத்து மஞ்சள் நிறத்தையும் அழித்துவிடும்.

மருந்தறை

கிருமி பற்றிய கேள்விக்கு வருகிறேன். பாலில் ஊற்றிக் கெடுகிறதா பார்ப்பது, ரொட்டியில் தெளித்துப் பூஞ்சை பார்ப்பது, இரண்டும் வெள்ளியைச் சோதிப்பதில்லை. பாலில் குளோரைடும் புரதமும் நிறைய. ஊற்றிய சில நொடியிலேயே அயனி அவற்றோடு கட்டுண்டுவிடும். ரொட்டியில் ஈரம் எங்கே அதிகம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும்.

அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) தொண்டைச் சளியையோ கழிவறைத் துடைப்பையோ வளர்க்காதீர்கள். என்ன கிருமி பெருகுகிறது என்று தெரியாமல் கோடிக்கணக்கில் வளர்த்துவிட்டு, அதை அழிக்க வீட்டில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) இல்லாமல் நிற்பீர்கள். தட்டில் தெரியும் தெளிந்த வளையமும் பொருள் எவ்வளவு தூரம் ஊறிப் பரவியது என்பதையும் சேர்த்துத்தான் காட்டும். பூசிய துகள் அகாரில் நகராது, அதனால் வளையம் வராது. ஆய்வகத்தில் தொடுநேரம் முடிந்ததும் தயோகிளைகோலேட், தயோசல்பேட் கலந்த நடுநிலையாக்கியைச் சேர்த்து மிச்ச வெள்ளியைக் கட்டிவிட்டுத்தான் தட்டில் இடுவார்கள். அது இல்லாமல் இட்டால், மாதிரியோடு ஒட்டி வந்த வெள்ளி தட்டிலேயே வளர்ச்சியை நிறுத்திவைக்கும். செத்துவிட்டது என்று தவறாக எண்ணிவிடுவோம்.

ஈஸ்ட் ஆபத்தில்லாத உயிர். சர்க்கரை நீரில் அதன் வாயு வெளிவருவதை ஒப்பிடலாம். ஆனால் வழக்கமாகச் சொல்லும் அளவு, 100 மில்லிக்கு 1 கிராம் ஈஸ்ட், மிக அதிகம். அந்த 100 மில்லியில் 10 பிபிஎம் வெள்ளி என்பது 1 மில்லிகிராம். தன்னைப்போல ஆயிரம் மடங்கு எடையுள்ள செல்கள் அதை உறிஞ்சிவிடும், ஒரு வித்தியாசமும் தெரியாது. 0.05 கிராம் ஈஸ்ட் போதும், குழாய்நீர் கலக்கக்கூடாது, வெள்ளி இல்லாத குப்பியும் கொதிக்கவைத்த ஈஸ்ட் குப்பியும் ஒப்பீட்டுக்கு வேண்டும். இதில் வித்தியாசம் வந்தாலும் அது தூய நீரில் ஈஸ்ட் மேல் அயனியின் விளைவு, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைகள் எதுவும் குடிப்பதற்கான சான்று ஆகாது. உப்புநீரில் நீங்கள் பார்த்த அதே கலங்கல்தான் இரைப்பை அமிலத்திலும் இரத்தத்திலும் அயனிக்கு நேரும். இரண்டிலும் குளோரைடு தாராளம். கூழ்ம வெள்ளி அல்லது வெள்ளி உப்புகள் கொண்ட, மருத்துவச் சீட்டின்றி விற்கும் மருந்துகள் பாதுகாப்பானவையாகவோ பயனுள்ளவையாகவோ அங்கீகரிக்கப்படவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999இல் விதி வகுத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வாய்வழி அளவுக்கு வைத்த வரம்பு உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.005 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 0.3 மில்லிகிராம், அதாவது 10 பிபிஎம் கரைசலில் 30 மில்லி. அளவே தெரியாத பாட்டிலில் எவ்வளவு குடித்தால் அது தாண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. தோலில் படிந்த வெள்ளி ஆர்ஜிரியா என்ற நீலச்சாம்பல் நிறத்தைத் தரும், அது தானாகப் போகாது. தைராக்சின் மாத்திரையும் சில ஆன்டிபயாடிக்குகளும் உடலில் சேர்வதையும் வெள்ளி குறைக்கலாம்.

நீர்க்கோடு

குடிக்கும் எண்ணம் இல்லை, பொருளைப் புரிந்துகொள்ளத்தான். ஒப்பீட்டுக்காக 'அ' மாதிரியைச் சில வாரம் வைத்திருக்க வேண்டும். எதில் வைப்பது?

மின்கடத்தி

பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில், கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, இருட்டில். கண்ணாடியை டிஸ்டில்ட் வாட்டரால் பலமுறை அலசுங்கள். குழாய்நீரின் குளோரைடு மிச்சமிருந்தால் அங்கேயே கலங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். குளிரில் ஆக்சைடின் கரைதிறன் இறங்கும், செறிவு வரம்பை ஒட்டியிருந்தால் வண்டல் விழும். மூடியில் உலோக உட்பூச்சு இருக்கக்கூடாது, வெள்ளி அதன் மேல் படிந்துவிடும். சுவரிலும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும், அதனால் சில்வர் நைட்ரேட் ஒப்பீட்டை வாரங்கள் கழித்துச் செய்யாமல் இப்போதே செய்து, தேதியோடு பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள்.